கணக்கு மன்றமும் குற்ற மன்றமும்

வரி வாங்குவது அரசின் உரிமை. குற்றம் செய்தவனைத் தண்டிப்பதும் அரசின் உரிமையே. ஆயினும் இவ்விரண்டு உரிமைகளையும் ஒரே கையில் ஒப்படைக்கலாகாது என்னும் தெளிவு உலகுக்கு எளிதில் வந்துவிடவில்லை. ஒருவன் அரசுக்கு எவ்வளவு செலுத்த வேண்டும் என்று கணக்குப் பார்ப்பது ஒரு வேலை. அவன் வேண்டுமென்றே பொய் சொன்னானா, அதற்காகச் சிறைக்குச் செல்ல வேண்டுமா என்று தீர்மானிப்பது முற்றிலும் வேறான வேலை. முதல் வேலைக்கென அமைந்த மன்றம் இரண்டாம் வேலையில் கை வைக்கலாமா? நடந்துகொண்டிருக்கும் குற்ற வழக்கை நிறுத்திவைக்க அதற்கு உள்ளார்ந்த அதிகாரம் உண்டா?

இது வழக்கறிஞர்கள் மட்டும் வாதிட்டு முடிக்க வேண்டிய வினாப்போலத் தோன்றும். பெருஞ்செல்வரின் வருமானக் கணக்கோடு நின்றுவிடும் செய்தி என்றும் எண்ணத் தோன்றும். ஆனால் ஊவா மாகாணத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போருக்கு இவ்வினா அவ்வளவு தொலைவில் இல்லை. கடனும் குற்றமும் ஒன்றாகக் கருதப்பட்ட காலம் ஒன்று இம்மண்ணில் இருந்தது. வரி வாங்கியவரே நீதி வழங்கிய காலமும் இருந்தது. அக்காலங்களை நினைவிற்கொண்டால்தான், இன்று சட்டம் இவ்விரண்டு மன்றங்களுக்கும் இடையே இட்டிருக்கும் எல்லைக்கோட்டின் அருமை விளங்கும்.

1815 ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. மூன்று ஆண்டுகள் செல்லுமுன்னரே ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் பெருங்கிளர்ச்சி மூண்டது. ஊவாவின் திசாவையாகிய கெப்பெட்டிப்பொல, கிளர்ச்சியை அடக்குமாறு அனுப்பப்பட்டவர், தாமே கிளர்ச்சியாளருடன் சேர்ந்தார். பின்னர் பிடிபட்டு, படை மன்றத்தால் விசாரிக்கப்பட்டு, 1818 நவம்பர் 26 ஆம் நாள் தலை துணிக்கப்பட்டார். அதற்குச் சில நாட்களுக்கு முன், நவம்பர் 21 ஆம் நாள், ஆளுநர் பிரவுன்ரிக் ஒரு பிரகடனம் வெளியிட்டிருந்தார். நெல் விளைவில் பத்தில் ஒரு பங்கை வரியாகப் பெறும் பொதுமுறையை அது வகுத்தது. மாகாணங்களில் இருந்த அரசாங்க முகவர்களுக்கு வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தையும், சிறு குற்றங்களுக்குத் தண்டனை விதிக்கும் அதிகாரத்தையும் அதே பிரகடனம் அளித்தது. வரியைத் தண்டுபவரும் வழக்கைத் தீர்ப்பவரும் ஒருவரே என்றாயிற்று. அளந்த வரி மிகையானது என்று முறையிட விரும்பிய உழவன், அளந்தவரிடமே சென்று முறையிட வேண்டியிருந்தது.

இந்நிலை முறையன்று என்பதை ஆங்கிலேயரில் சிலரும் உணர்ந்தனர். கோல்புறூக், கமறன் என்னும் இரு ஆணையாளர்கள் இலங்கையின் ஆட்சிமுறையை ஆராய்ந்து அறிக்கை அளித்தனர். நீதித்துறை பற்றிய அறிக்கையை எழுதியவர் கமறன். அதன் பயனாக 1833 ஆம் ஆண்டின் நீதிச் சாசனம் பிறந்தது. தீவு முழுவதற்கும் பொதுவான உயர் நீதிமன்றமும், அதன்கீழ் மாவட்ட நீதிமன்றங்களும் ஏற்பட்டன. ஏட்டளவில் வருமான நிருவாகமும் நீதி நிருவாகமும் பிரிந்தன.

ஏட்டில் பிரிந்தவை மலைநாட்டில் உடனே பிரிந்துவிடவில்லை. பதுளையில் பெயர்பெற்ற மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் இதற்குச் சிறந்த சான்று. படை அலுவலராகிய அவரே உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் பணியாற்றினார். யானை வேட்டையாலும் பேர் பெற்ற அவர், 1845 ஆம் ஆண்டில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் நினைவாகக் கட்டப்பட்ட பரிசுத்த மாற்கு தேவாலயம் இன்றும் பதுளை நகரில் நிற்கின்றது. ரொஜர்ஸ் நேர்மையற்றவர் என்று கூறுவது நோக்கமன்று. மக்களிடையே அவருக்கு மதிப்பு இருந்தது என்பதற்கு அத்தேவாலயமே சான்று. ஆனால் ஒருவர் நல்லவராக இருக்கும் வரையில் மட்டுமே நியாயம் கிடைக்கும் என்றால், அது ஆட்சிமுறையின் சிறப்பாகாது. குடிமக்களின் நற்பேறு என்றே அதனைச் சொல்ல வேண்டும். நற்பேற்றை நம்பி ஒரு நாடு வாழ முடியாது.

நெல் வரியின் பிற்கால வரலாறும் இதனையே காட்டுகின்றது. 1878 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி நெல் வரி பணமாக மாற்றிக் கணிக்கப்பட்டது. செலுத்தத் தவறியோரின் நிலம் ஏலத்திற்கு வந்தது. ஊவாவை அடுத்துள்ள வலப்பனைப் பகுதியில் 1880-களில் ஏராளமான உழவர்கள் இவ்வாறு வயல்களை இழந்தனர். அங்கு உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் என்பவரே அக்கொடுமையை வெளிப்படுத்தினார். பெருத்த விவாதத்தின் பின்னர், 1893 ஆம் ஆண்டு தொடக்கம் நெல் வரி நீக்கப்பட்டது. இடையில், 1886 ஆம் ஆண்டில், ஊவா தனி மாகாணமாகப் பிரிக்கப்பட்டுப் பதுளை அதன் தலைநகராயிற்று.

உழவனின் நிலை இதுவாயின், தோட்டத் தொழிலாளியின் நிலை யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து மக்கள் வந்து சேர்ந்தனர். பசறை, லுணுகலை, நமுனுகுலை, ஹாலிஎல, அப்புத்தளை ஆகிய மலைச்சாரல்களில் அவர்கள் குடியேற்றப்பட்டனர். இரயில் பாதை 1890-களிலேயே அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் வந்தது. பதுளையை அது எட்டியது 1924 ஆம் ஆண்டில். அதற்கு முன் வந்தோர் மலைப்பாதைகளில் மூட்டை முடிச்சுகளுடன் நடந்தே வந்தனர். வழிச்செலவுக்கும் உணவுக்கும் கங்காணி கொடுத்த முன்பணம், அவர்கள் லயத்தில் கால் வைக்குமுன்னரே கடனாக ஏடேறியது.

இக்கடனோடு சட்டமும் கைகோத்துக்கொண்டது. 1841 ஆம் ஆண்டிலும், பின்னர் 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தாலும், வேலை ஒப்பந்தத்தை மீறுவது குற்றமாக்கப்பட்டது. முன்னறிவித்தல் இன்றித் தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளியைப் பிடியாணை கொண்டு பிடிக்கலாம். மூன்று மாதம் வரை சிறையிடலாம். வணிகன் ஒருவன் மற்றொரு வணிகனுடன் செய்த ஒப்பந்தத்தை மீறினால் அது உரிமையியல் வழக்கு. நட்டத்தைக் கணக்கிட்டு ஈடு கேட்கலாம். சிறைக்கு அங்கே இடமில்லை. தொழிலாளி மீறினாலோ, அது குற்றவியல் வழக்கு. ஒரே தவறு ஆளுக்கேற்ப இரு பெயர் பெற்றது.

துண்டு என்று வழங்கப்பட்ட சீட்டு இதற்குத் துணைநின்றது. இத்தொழிலாளியின் கடனைச் செலுத்தினால் அவரை விடுவிப்போம் என்று ஒரு தோட்டம் எழுதிக்கொடுக்கும் சீட்டே துண்டு. அந்தச் சீட்டின்றி மற்றொரு தோட்டத்தில் இடம் கிடையாது. கடன் தொகை சரியா, பிழையா என்று ஆராய்வதற்குத் தனியான மன்றம் எதுவும் இல்லை. கங்காணியின் கணக்கே முடிந்த கணக்கு. அக்கணக்கை மறுத்து வெளியேறியவன் நீதவான் முன் நிறுத்தப்பட்டான். அங்கே கேட்கப்பட்ட கேள்வி கணக்கு சரியா என்பதன்று. நீ அனுமதியின்றி நீங்கினாயா என்பதே. கணக்கைப் பார்க்க வேண்டிய மன்றம் இல்லாதபோது, குற்றத்தைப் பார்க்கும் மன்றமே கணக்கையும் முடித்துவைத்தது.

துண்டு முறை 1921 ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. ஒப்பந்த மீறலுக்குச் சிறை என்னும் ஏற்பாடும் 1920-களில் மறைந்தது. 1927 ஆம் ஆண்டின் சட்டம் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை உறுதிப்படுத்தியது. ஆயினும் குறை கேட்கும் மன்றம் இன்னும் பிறக்கவில்லை. 1940 ஆம் ஆண்டில் பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தாமே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்ததும், அச்சபையைக் கலந்துகொண்டு நடப்பதாகத் தோட்டத்துரை உடன்பட்டதும், பின்னர் பொலிசார் அனுப்பப்பட்டதும் தொழிற்சங்க வரலாற்றில் நிலைத்த நிகழ்ச்சிகள். முறையான மன்றம் இல்லாத இடத்தில் மக்கள் தமக்கென ஒன்றை அமைத்துக்கொள்வர் என்பதற்கு அதுவே எடுத்துக்காட்டு.

இனி வருமான வரிக்கு வருவோம். உலகப் பொருளாதார வீழ்ச்சியால் தேயிலை, இறப்பர் விலைகள் சரிந்து, அரசின் வருவாய் குன்றிய காலத்தில், 1932 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கையில் வருமான வரியைப் புகுத்தியது. இச்சட்டம் பழைய முறையினின்றும் வேறுபட்ட ஒரு வழியை வகுத்தது. மதிப்பீட்டாளர் வரியைக் கணிப்பார். அதனை ஏற்காதவர் ஆணையாளரிடம் முறையிடலாம். அங்கும் நிறைவு காணாதவர் மீளாய்வுச் சபைக்குச் செல்லலாம். சட்டப் பிரச்சினை எழுந்தால், அது உயர் நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பப்படும். மீளாய்வுச் சபை மதிப்பீட்டை உறுதிசெய்யலாம், குறைக்கலாம், கூட்டலாம், நீக்கலாம், மீண்டும் பரிசீலிக்குமாறு திருப்பியும் அனுப்பலாம். அதன் அதிகாரம் அவ்வளவே. 2011 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தால் அச்சபையின் இடத்தில் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு அமைந்தது. பெயர் மாறினும் அதன் வேலை மதிப்பீட்டைப் பற்றியதே.

பொய்க் கணக்குக் கொடுத்தவர்மீது குற்ற வழக்குத் தொடுப்பது வேறொரு பாதை. ஆணையாளரின் விருப்பத்தாலோ இசைவாலோ அன்றி அவ்வழக்குத் தொடங்கலாகாது. தொடங்கியபின் அதனைக் கேட்பவர் நீதவான். கணக்கு மன்றத்துக்கு அங்கு இடமில்லை.

இதற்கு நேர்மாறான எல்லை ஒன்றையும் அச்சட்டம் வகுத்திருந்தது. நிலுவை வரியை அறவிட, ஆணையாளர் ஒரு சான்றிதழை நீதவானுக்கு அனுப்பலாம். நிலுவைக்காரர் போதிய காரணம் காட்டாவிடின், அவ்வரி நீதவான் விதித்த தண்டப்பணம்போலக் கருதி அறவிடப்படும். ஆனால் சான்றிதழில் கண்ட தொகை சரியா, பிழையா என்று ஆராய நீதவானுக்கு அதிகாரமில்லை. கணக்கு மன்றம் குற்றத்தைத் தொடக்கூடாது. குற்ற மன்றம் கணக்கைத் தொடக்கூடாது. இரு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

உள்ளார்ந்த அதிகாரம் என்பது யாது? சட்டத்தின் எழுத்தில் வெளிப்படையாகச் சொல்லப்படாவிடினும், ஒரு நீதிமன்றம் தன் கடமையை ஒழுங்காக ஆற்றுதற்கு இன்றியமையாத அதிகாரம் அது. இலங்கையின் 1889 ஆம் ஆண்டுக் குடியியல் நடைமுறைக் கோவையின் 839 ஆம் பிரிவு, நீதிமன்றங்களின் இவ்வதிகாரம் அக்கோவையால் குறைவுபடாது என்று கூறுகின்றது. ஆனால் நியாய சபை என்பது சட்டத்தின் பிள்ளை. தாய் கொடுத்த சீர்வரிசை எதுவோ, அதுவே அதன் சொத்து. அச்சொத்தைப் பயன்படுத்துவதற்கு வேண்டிய துணை அதிகாரத்தை அது பெறலாம். புதிய சொத்தைத் தேடிக்கொள்ள முடியாது.

இவ்வேறுபாட்டை இந்திய நீதிமன்றங்கள் விரிவாக ஆராய்ந்துள்ளன. 1941 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு, வழக்கு முடியும் வரை வரி அறவிடுதலை நிறுத்திவைக்கும் அதிகாரம் உண்டா என்னும் வினா முகம்மது குஞ்ஞி வழக்கில் எழுந்தது. சட்டத்தில் அதற்குத் தனிச் சொல் இல்லை. எனினும், மேல்முறையீட்டைக் கேட்கும் அதிகாரத்தைக் கொடுத்தபோதே, அதனைப் பயனுடையதாக்கும் துணை அதிகாரமும் கொடுக்கப்பட்டுவிட்டது என்று 1968 ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வருமுன் வீட்டை ஏலத்தில் விற்றுவிட்டால், பின்னர் வரும் தீர்ப்பால் யாருக்கு என்ன பயன்?

அப்படியானால், அதே துணை அதிகாரத்தைக் கொண்டு குற்ற வழக்கையும் நிறுத்திவைக்கலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். இங்கேதான் எல்லை தொடங்குகின்றது. வரியை அறவிடுதல் மேல்முறையீட்டின் நேரான விளைவோடு இணைந்தது. குற்ற வழக்கு அவ்வாறன்று. அது தீர்ப்பாயத்தின் முன் உள்ள வழக்கின் கிளையன்று. வேறொரு மன்றத்தில், வேறொரு சட்டமுறையின்படி, வேறொரு கேள்விக்கு விடை தேடும் வழக்கு. தன் முன் இல்லாத வழக்கை நிறுத்துவது துணை அதிகாரமாகாது. அயலான் வயலுக்கு மடை கட்டுவதாகவே முடியும்.

தூத்துக்குடியில் தோன்றிய ஜெயப்பன் வழக்கு இதனை மேலும் தெளிவாக்கியது. பொய்க் கணக்குக் காட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர், தம் வரியின் மறுமதிப்பீடு இன்னும் முடியவில்லை. முடியுமுன் குற்ற வழக்கு நடத்தலாகாது என்று வாதிட்டார். 1984 ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. மதிப்பீடு நிலுவையில் இருப்பது குற்ற வழக்குக்குத் தடையன்று. குற்ற நீதிமன்றம் தன் முன் வைக்கப்படும் சாட்சியத்தைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். ஆனால் வரி நடவடிக்கையின் முடிவைக் குற்ற நீதிமன்றம் உரிய முறையில் கருத்தில் கொள்ளலாம் என்றும் அத்தீர்ப்பு கூறியது. 2014 ஆம் ஆண்டில், வருமான அறிக்கை தாக்கல் செய்யாமை பற்றிய சசி என்டர்பிரைசஸ் வழக்கிலும், மேல்முறையீடு நிலுவையில் இருப்பது குற்ற வழக்கைத் தடுக்காது என்னும் கருத்தே வலியுறுத்தப்பட்டது.

இவ்விரண்டு தீர்ப்புகளை மட்டும் பார்த்தால், கணக்கு மன்றத்தின் முடிவுக்குக் குற்ற மன்றத்தில் மதிப்பே இல்லை என்று தோன்றலாம். அதுவும் சரியன்று. சென்னையில் எழுந்த கே. சி. பில்டர்ஸ் வழக்கில், வருமானத்தை மறைத்ததற்காக விதிக்கப்பட்ட தண்டத்தைத் தீர்ப்பாயம் நீக்கிவிட்டது. மறைத்தல் நிகழவில்லை என்பது முடிந்த முடிபாகிவிட்டபின், அதே மறைத்தலுக்காகக் குற்ற வழக்கை நடத்துவதில் பொருளில்லை என்று 2004 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறி, அவ்வழக்கை நீக்கியது. கூர்ந்து நோக்கினால், இங்கும் தீர்ப்பாயம் குற்ற வழக்கை நிறுத்தவில்லை. அது தன் வேலையை மட்டும் செய்தது. கணக்கைப் பார்த்து முடிவு சொன்னது. அம்முடிவின் விளைவை உணர்ந்து குற்ற வழக்கை நீக்கியது உச்ச நீதிமன்றமே. கணக்கு மன்றம் பேசும் சொல்லுக்கு வலிமை உண்டு. ஆணையிடும் கை மட்டும் இல்லை.

கணக்கு மன்றம் குற்றத்தில் தலையிடுவது ஒரு பிழையானால், தண்டிக்கும் அதிகாரத்தை முறையாக நியமிக்கப்படாதவர் கையில் கொடுப்பது அதனினும் பெரிய பிழை. இலங்கை அதனையும் கண்டது. 1958 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் இலஞ்ச நியாய சபைகள் அமைக்கப்பட்டன. குற்றவாளி என்று தீர்க்கவும் சிறையிடவும் அவற்றுக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் அவற்றின் உறுப்பினரை நியமித்தது நீதிச்சேவை ஆணைக்குழு அன்று. அன்றைய சோல்பரி அரசியலமைப்பின்படி நீதி அலுவலரை நியமிக்கும் உரிமை அவ்வாணைக்குழுவுக்கே உரியது. இரணசிங்க வழக்கில் 1964 ஆம் ஆண்டில் கோமறைக் கழகம், அந்நியமனங்கள் செல்லா என்றும், அச்சபை விதித்த தண்டனையும் செல்லாது என்றும் தீர்த்தது. இலஞ்சத்தை ஒழிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் நல்ல நோக்கம் நியமனப் பிழையை நேராக்கவில்லை.

அதே காலத்தில் தொழில் நியாய சபைகளைப் பற்றியும் அதே வினா எழுந்தது. 1950 ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் 1957 ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபோது இச்சபைகள் பிறந்தன. வேலைநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளி தானாகவோ தொழிற்சங்கத்தின் வாயிலாகவோ சென்று நீதியும் ஒப்புரவும் தழுவிய கட்டளையைக் கேட்கலாம். இச்சபையின் தலைவர் செலுத்துவது நீதி அதிகாரமே. ஆகவே அவரது நியமனம் செல்லாது என்று இலங்கை உயர் நீதிமன்றம் கருதியது. 1967 ஆம் ஆண்டில் தேவநாயகம் வழக்கில் கோமறைக் கழகம், மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையால், அது நீதி அதிகாரமன்று என்று கூறிச் சபைகளைக் காத்தது. ஒருவரது தீர்ப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், தோட்டத் தொழிலாளி பெற்ற புதிய வாயில் அன்றே அடைபட்டிருக்கும்.

வேலைநீக்கத்துக்குக் காரணம் களவு என்று வைத்துக்கொள்வோம். தேயிலைத்தூள் எடுத்ததாகத் தோட்டம் குற்றம் சாட்டுகின்றது. பொலிசார் நீதவான் முன் வழக்கிடுகின்றனர். தொழிலாளியோ வேலைநீக்கத்தை எதிர்த்து நியாய சபைக்குச் செல்கின்றார். இரண்டு மன்றங்களும் ஒரே நிகழ்ச்சியை ஆராயும். ஆனால் ஒரே அளவுகோலால் அன்று. நீதவான் நியாயமான ஐயத்துக்கு அப்பால் நிரூபிக்குமாறு கேட்பார். நியாய சபையோ நிகழ்தகவுச் சமநிலையைப் பார்க்கும். குற்றத் தன்மையுள்ள நடத்தை பற்றிய வழக்கிலும் இதுவே அளவு என்று 1975 ஆம் ஆண்டில் இலங்கை உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனவே நீதவான் விடுதலை செய்த ஒருவருக்கு வேலை திரும்பக் கிடைக்காமலும் போகலாம். இது சட்டத்தின் முரண்பாடுபோலத் தோன்றும். உண்மையில், சிறைக்கு அனுப்ப வேண்டிய சான்றின் அளவு உயர்ந்திருக்க வேண்டும் என்னும் அறமே இங்கு பேசுகின்றது.

நியாய சபைக்கும் தண்டிக்கும் கை இல்லை. அதன் கட்டளையைத் தோட்ட நிருவாகம் மதிக்காவிட்டால், சபை நிருவாகத்தைச் சிறையிட முடியாது. கட்டளைக்குப் பணியாமை சட்டத்தின்படி குற்றமாகின்றது; அக்குற்றத்துக்காக நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட வேண்டும். பதுளை நியாய சபையில் வென்ற தொழிலாளியும் இதற்கு விலக்கல்லர்.

வருமான வரிச் சட்டத்தில் கண்ட அந்தச் சான்றிதழ் முறையும் இன்று தோட்டத் தொழிலாளியின் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி, முதலாளி நிதிக்குச் செலுத்தத் தவறிய பணத்தைத் தொழில் ஆணையாளர் நீதவானுக்குச் சான்றிதழ் அனுப்பி அறவிடலாம். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டமும் அதே வழியைக் காட்டுகின்றது. முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வுபெறும் பெண் ஒருவருக்கு வரவேண்டிய பணம், வருமான வரி நிலுவையைப்போலவே, தண்டப்பணமாகக் கருதப்பட்டு அறவிடப்படுகின்றது. ஒரு காலத்தில் தொழிலாளியைத் தேடிச் சென்ற நீதவானின் கட்டளை, இன்று அவருக்குரிய காசைத் தேடி நிருவாகத்திடம் செல்கின்றது. இம்மாற்றம் சிறிதன்று.

இம்முறையில் குறையே இல்லையென்று கூறுவதும் உண்மையாகாது. லுணுகலையிலிருந்தோ பசறையிலிருந்தோ ஒரு தொழிலாளி முதலில் நியாய சபைக்கும், பின்னர் நீதவான் நீதிமன்றத்துக்குமாகப் பலமுறை பேருந்தேறி வரவேண்டியுள்ளது. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாட் சம்பளம் போகின்றது. வரி செலுத்துவோரும் ஒரே கணக்குக்காக இரு இடங்களில் விடை கூற வேண்டியுள்ளது. கடனை ஒரு சான்றிதழால் தண்டப்பணமாக மாற்றும் முறையில், கடனையும் குற்றத்தையும் கலந்த பழைய நிழல் சற்றே ஒட்டிக்கொண்டிருக்கின்றது என்று சொல்வோர் கூற்றிலும் பொருளுண்டு. தொகையை நீதவான் ஆராய முடியாது என்பதனால், தொகையைக் கணிக்கும் அதிகாரி முன்னரே முறையாக இருபக்கமும் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வி சரிவர நடக்காவிடின், சுவர் பாதுகாப்பாக அமையாமல் தடையாகிவிடும்.

இவற்றுக்கெல்லாம் மருந்து யாது? எல்லா அதிகாரத்தையும் ஒரே மன்றத்தில் குவித்துவிட்டால் அலைச்சல் நீங்குமே என்று எண்ணலாம். அந்த மருந்தை ஊவா ஏற்கெனவே உண்டு பார்த்திருக்கின்றது. வரி தண்டியவரே நீதிபதியாக இருந்த கச்சேரியும், கங்காணியின் கணக்கைக் கேளாமலே சிறைக்கு அனுப்பிய நீதிமன்றமும் அலைச்சல் இல்லாதவைதாம். தவணையும் இல்லை, தாமதமும் இல்லை, நியாயமும் இல்லை. தாமதத்தைக் குறைக்க வேண்டுமாயின், மன்றங்களின் எண்ணிக்கையையும் அலுவலரின் ஊக்கத்தையும் கூட்ட வேண்டும், எல்லையை அழிக்கக்கூடாது.

1978 ஆம் ஆண்டின் இலங்கை அரசியலமைப்பு 13 ஆம் உறுப்புரையில், தகுதிவாய்ந்த நீதிமன்றத்தின் கட்டளையாலன்றி எவரும் சிறைத்தண்டனை பெறலாகாது என்று விதித்துள்ளது. கொழும்பிலே கணக்குப் பார்க்கும் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழுவாயினும், பதுளையிலே வேலைநீக்கத்தைக் கேட்கும் தொழில் நியாய சபையாயினும் இவ்விதிக்குக் கட்டுப்பட்டவையே. அவை தம் அளவில் நின்று கணக்கையும் பிணக்கையும் நேர்மையாகத் தீர்த்தால், குற்ற மன்றத்தின் வேலை பாதியாகக் குறையும். தம் அளவைக் கடந்தால், வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்னும் பழைய நிலை மீண்டும் வந்து சேரும். மன்றத்தின் அதிகாரத்துக்கு எல்லை இடுவது மன்றத்தை இழிவுபடுத்துவதாகாது. அதன் முன் கைகட்டி நிற்கும் எளிய மனிதன் நிமிர்ந்து நிற்பதற்கு இடம் விடுவதே அது.